பாய்லர் அறையில் நின்றவரின் வாழ்க்கையை எப்படி எழுதுவது?

கேள்வி: என் அப்பா கடந்த கார்த்திகையில், 76 வயதில் காலமானார். கோவில்பட்டிக்குப் பக்கத்துக் கரிசல் கிராமம் எங்களுடையது. 1966-ல் கடற்படையில் ஸ்டோக்கராக, அதாவது கப்பலின் பாய்லர்களைக் கவனிக்கும் மாலுமியாகச் சேர்ந்து 15 ஆண்டுகள் பணியாற்றிவிட்டு ஊர் திரும்பினார். பிறகு ஒரு நூற்பாலையில் பாய்லர் அட்டெண்டராக 60 வயது வரை வேலை. கூடவே நான்கு ஏக்கர் மானாவாரி நிலம். இரண்டு அத்தைகளின் திருமணம், சித்தப்பாவின் படிப்பு, நாங்கள் மூன்று பிள்ளைகள் என்று எல்லாம் அவருடைய சம்பாத்தியத்தில் நடந்தவை. முதலாம் ஆண்டுத் திதிக்கு ஒரு நினைவு மலர் கொண்டுவர நினைக்கிறோம். எழுதும் பொறுப்பு என்னுடையது.

அவர் கடலைப் பற்றிப் பேசியதே இல்லை. டிரங்குப் பெட்டியில் டிஸ்சார்ஜ் புத்தகம், ரிப்பன் வெளுத்த மூன்று பதக்கங்கள், தொப்பிப் பட்டையில் 'விக்ராந்த்' என்று எழுதிய ஒரு புகைப்படம், அம்மா கட்டி வைத்திருந்த மணியார்டர் கூப்பன்கள் ஆகியவை கிடைத்தன. '1971-ல் கராச்சியைத் தகர்த்த மாவீரர்' என்று தொடங்க வேண்டும் என்கிறார் அண்ணன். டிசம்பரில் ஏதோ ஒரு நாள் இரவு அப்பா சாப்பிடாமல் படுத்துவிடுவார் என்றும், கேட்டால் 'கூட இருந்த பையன்கள்' என்று மட்டும் சொல்வார் என்றும் அம்மா சொல்கிறார்.

எனக்கு இன்னொரு சிக்கல். அப்பா சத்தம் போட்டே பேசுவார். சிறு வயதில் அவரைக் கண்டாலே பயம். பிளஸ் டூ முடித்ததும் மதுரையில் நர்சிங் படிக்க எனக்கு இடம் கிடைத்தது, அவர் அனுப்பவில்லை. பல ஆண்டுகள் கழித்து என் மகள் நர்சிங் சேர்ந்தபோது, முதல் ஆண்டுக் கட்டணத்தைத் தம் ஓய்வூதியத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார். பழைய விஷயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இதையெல்லாம் எழுதலாமா? எழுதினால் அப்பாவைக் குறை சொன்னதாக ஆகாதா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நினைவு மலர்களையும் குடும்ப வரலாறுகளையும் பதிப்பிப்பது என் தொழில். என்னிடம் வரும் கையெழுத்துப் படிகளில் பெரும்பாலானவை 'பாசமிகு தந்தை, பண்பாளர், உழைப்பால் உயர்ந்த உத்தமர்' என்றுதான் தொடங்கும். பெயரை மாற்றினால் வேறு எந்தக் குடும்பத்துக்கும் பொருந்திவிடும். உங்கள் அப்பாவின் மலர் அப்படி ஆகிவிடக் கூடாது. அவர் என்ன வேலை செய்தார் என்பதை முழுமையாக எழுதுங்கள். புகழுரைக்கு அப்புறம் தேவையே இருக்காது.

முதலில் அண்ணனின் வரி. விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 1971 இந்திய-பாகிஸ்தான் போரில் கராச்சிப் பக்கம் போகவில்லை. 1971 டிசம்பர் 4-ஆம் தேதி இரவு கராச்சியைத் தாக்கியவை நிபட், நிர்கட், வீர் என்ற ஏவுகணைப் படகுகள். அந்த நாளைத்தான் கடற்படை தினமாகக் கொண்டாடுகிறோம். விக்ராந்த் அப்போது வங்கக் கடலில், அந்தமானைத் தளமாகக் கொண்டிருந்தது. அதே டிசம்பர் 4 காலையில் அதிலிருந்து கிளம்பிய சீ ஹாக் விமானங்கள் இன்றைய வங்கதேசத்தில் உள்ள காக்ஸ் பஜாரைத் தாக்கின, அடுத்து அங்கேயே உள்ள சிட்டகாங். விக்ராந்தை மூழ்கடிக்கத் தேடி வந்த பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி, முந்தைய இரவு விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கிப்போனது. உங்கள் அப்பா அந்த டிசம்பரில் விக்ராந்தில்தான் இருந்தார் என்றால், அவர் நின்றது கிழக்குப் போர்க்களத்தில். உண்மையில் நடந்ததே இவ்வளவு பெரிதாக இருக்கும்போது கராச்சியைக் கடன் வாங்க வேண்டியதில்லை.

'இருந்தார் என்றால்' என்று நான் சொல்வதைக் கவனியுங்கள். புகைப்படத்தில் தொப்பிப் பட்டை இருப்பது அவர் ஏதோ ஒரு காலத்தில் அந்தக் கப்பலில் இருந்ததற்குத்தான் சான்று. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்பது அவருடைய பணிப் பதிவில் இருக்கும். டிஸ்சார்ஜ் புத்தகத்தை முதலில் பக்கம் பக்கமாகப் பாருங்கள். அதில் தெளிவில்லை என்றால், மாலுமிகளின் பதிவுகளைப் பராமரிக்கும் அலுவலகம் மும்பை மான்கூர்டில் இருக்கிறது. 'பியூரோ ஆஃப் செய்லர்ஸ்' என்பார்கள். விண்ணப்பத்தில் அம்மா கையெழுத்திட வேண்டும். மனைவி என்ற உரிமையில் கேட்பதற்குத்தான் வலு அதிகம். அப்பாவின் பணி எண், ஓய்வூதிய ஆணையின் எண், இறப்புச் சான்றிதழ் நகல் ஆகியவற்றை இணையுங்கள். நேராக மும்பைக்கு எழுதுவதற்கு முன்னால் தூத்துக்குடியில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். அங்கே இந்தக் கடிதங்கள் அன்றாட வேலை. எப்படி எழுத வேண்டும் என்று சொல்லித் தருவார்கள்.

போகும்போது பதக்கங்களையும் எடுத்துச் செல்லுங்கள். ரிப்பனின் நிறத்தை வைத்தே எது என்ன என்று அங்கே சொல்லக்கூடியவர்கள் இருப்பார்கள். 1971 போரில் கிழக்குப் பகுதியில் பணியாற்றியவர்களுக்குப் பூர்வி ஸ்டாரும், மேற்கில் பணியாற்றியவர்களுக்குப் பஸ்சிமி ஸ்டாரும் வழங்கப்பட்டன. பூர்வி ஸ்டார் அந்த மூன்றில் இருந்தால், அண்ணனிடம் நீங்கள் வாதாடவே வேண்டியதில்லை; மேசையில் வைத்துவிட்டால் போதும். விளிம்பையோ பின்பக்கத்தையோ மெல்லிய துணியால் துடைத்துப் பாருங்கள். பணி எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். பாலிஷ் எதுவும் போட வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும்.

ஸ்டோக்கர் என்ற வேலையைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. மலரில் இதற்குத்தான் அதிக இடம் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. விக்ராந்த் நீராவியில் ஓடிய கப்பல். நீர்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறையில், உலை எண்ணெயை எரித்து நான்கு பாய்லர்கள் நீராவி கொடுத்தன. 1971-ல் அந்த நான்கில் ஒன்றில் விரிசல் கண்டிருந்ததால் கப்பலால் முழு வேகத்தை எட்ட முடியவில்லை. விமானந்தாங்கிக் கப்பலுக்கு வேகம்தான் உயிர். தளத்தின் மேல் எதிர்க்காற்று போதாவிட்டால் விமானம் எழும்பாது. அந்த நிலையிலேயே கப்பலைப் போருக்குக் கொண்டுபோனார்கள். விமானங்களைத் தளத்திலிருந்து உந்தி எறியும் கேட்டபல்ட் இயங்கியதும் அதே நீராவியில்தான். சிட்டகாங்குக்குப் பறந்த ஒவ்வொரு விமானத்துக்கும் பின்னால் கீழே அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டு வியர்வையில் நின்ற சிலர் இருந்தார்கள். அவர்கள் சிட்டகாங்கைப் பார்க்கவில்லை, கடலைக்கூடப் பார்க்கவில்லை. வாட்ச் என்ற காவல் முறைப்படி நான்கு மணி நேரப் பணி, நள்ளிரவு 12 மணி முதல் 4 மணி வரை உட்பட. கப்பல் அடிபட்டால் தப்பிக்க மிகக் குறைந்த வாய்ப்புள்ள இடமும் அதுதான். இதை எழுதுங்கள். மாவீரர் என்ற சொல்லை அண்ணனே பிறகு தேடமாட்டார்.

அவர் பேசாததற்கும் இதில் ஓரளவு விடை இருக்கக்கூடும். மேல்தளத்தில் நின்றவனுக்குச் சொல்லக் கதை இருக்கும். கீழே நின்றவனுக்குச் சூடும் சத்தமும்தான் நினைவில் இருக்கும். அதை ஊர்த் திண்ணையில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது? சத்தம் என்றதும் இன்னொன்று. பாய்லர் அறையிலும் இயந்திர அறையிலும் காலம் கழித்தவர்கள் பலருக்குக் காது மந்தமாகிவிடும். தாங்கள் உரக்கப் பேசுவதே அவர்களுக்குத் தெரியாது. உங்கள் அப்பாவின் குரலுக்கு இதுதான் காரணம் என்று நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ரேடியோவை எவ்வளவு உரக்க வைப்பார், பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்புவாரா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். உங்கள் பயத்தை அது அழித்துவிடாது. ஆனால் எழுதும்போது கோபம் எது, காது எது என்று பிரித்துப் பார்க்க உதவும்.

டிசம்பர் இரவைப் பற்றி மிகக் கவனமாக இருங்கள். 1971 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு டையூவுக்கு அருகே குக்ரி என்ற போர்க்கப்பல் நீர்மூழ்கித் தாக்குதலில் மூழ்கியது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் அதில் இறந்தார்கள். கேப்டன் மகேந்திர நாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதோடு போனார். உங்கள் அப்பாவோடு பயிற்சி பெற்றவர்கள் யாராவது அந்தக் கப்பலில் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். தேதி பொருந்துகிறதா என்று அம்மாவின் நினைவிலிருந்து உறுதிப்படுத்த முடிந்தாலும்கூட, 'குக்ரியில் இறந்த நண்பர்களுக்காக நோன்பிருந்தார்' என்று எழுதாதீர்கள். அம்மா என்ன கண்டார், அப்பா என்ன சொன்னார் என்பதை அந்த மூன்று சொற்களோடு அப்படியே எழுதுங்கள். குக்ரியைப் பற்றித் தனியாக ஒரு வரி அடியில் இருக்கட்டும். சேர்த்துப் பார்க்க வேண்டுமா என்பதை வாசிப்பவர் முடிவு செய்துகொள்வார்.

மணியார்டர் கூப்பன்கள் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். இப்படி ஒரு கட்டு பெரும்பாலான குடும்பங்களில் எலிக்கும் கரையானுக்கும் போய்விட்டிருக்கும். கட்டை அவிழ்த்துத் தபால் முத்திரையின் தேதிப்படி அடுக்குங்கள். அனுப்பியவர் முகவரியில் ஊர் இருக்காது. கப்பல் பெயரும் 'மேற்பார்வை: ஃபிளீட் மெயில் ஆபீஸ், பம்பாய்' என்பது போலவும் இருக்கும். அம்மாவுக்குக் கணவர் இருக்கும் இடம் பல மாதங்கள் அவ்வளவுதான் தெரிந்திருக்கும். கப்பல் பெயர் மாறும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள், மும்பையிலிருந்து பதிவு வருவதற்குள் பாதி வரலாறு உங்கள் கையில் வந்துவிடும். பிறகு ஒரு நோட்டில் இடப்பக்கம் தேதியும் தொகையும் அவர் எழுதிய செய்தியும், வலப்பக்கம் அந்த மாதத்தில் வீட்டில் என்ன நடந்தது என்பதும் எழுதுங்கள். பெரிய அத்தை கல்யாணம் எந்த மாதம்? சித்தப்பாவின் கல்லூரிக் கட்டணம் எப்போது? மழை பொய்த்த ஆண்டு எது? எந்த மாதம் பணம் வரவில்லை, அப்போது யாரிடம் கைமாற்று வாங்கினார்கள்? குடும்பத் தலைவர் என்று நாம் பொதுவாகச் சொல்வது எப்படி நடந்தது என்பது அந்த நோட்டில் ரூபாய்க் கணக்கில் தெரியும். அதில் நான்கைந்து கூப்பன்களை ஸ்கேன் செய்து மலரில் அச்சிடுங்கள். அவருடைய கையெழுத்து பேரப்பிள்ளைகளுக்கு வேறு எங்கே கிடைக்கும்?

அந்த நோட்டின் வலப்பக்கம் முழுக்க அம்மாவினுடையது என்பதையும் நீங்கள் பார்ப்பீர்கள். வந்த பணத்தைப் பங்கிட்டவர், நாத்தனார்களுக்கு மாப்பிள்ளை பார்த்தவர், மானாவாரிக் காட்டுக்கு ஆள் பிடித்தவர், கணவர் கடலில் இருக்கும்போது பிள்ளை பெற்றவர் அவர். அவருக்குப் பெரும்பாலான மலர்களில் 'அன்பு மனைவி' என்று ஒரு வரியும் ஒரு புகைப்படமும்தான் கிடைக்கும். எனக்கு அது ஒவ்வொரு முறையும் வருத்தமாக இருக்கும். உங்கள் மலரில் அவருக்கு ஓர் அத்தியாயம் வேண்டும், அவருடைய பேச்சிலேயே.

அதனால் மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அம்மாவிடம் உட்காருங்கள். 'அப்பா எப்படிப்பட்டவர்?' என்று கேட்டால் 'தங்கமான மனுஷன்' என்று சொல்லி முடித்துவிடுவார். பொருளையும் வேலையையும் பற்றிக் கேளுங்கள். விடுப்பில் வரும்போது பம்பாயிலிருந்து சென்னை சென்ட்ரல், அங்கிருந்து எழும்பூர், பிறகு மீட்டர்கேஜ் ரயிலில் கோவில்பட்டி என்று வந்திருப்பார். ஸ்டேஷனுக்கு யார் போவார்கள், பெட்டியில் என்ன கொண்டுவருவார், வந்ததும் முதலில் என்ன சாப்பிடக் கேட்பார், திரும்பிப் போகும் நாளில் யார் அழுவார்கள்? ஒரு நாளைக்கு அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். போனில் பதிவு செய்துவிட்டு, அன்றே இன்னொரு இடத்திலும் ஒரு நகல் வைத்துவிடுங்கள். அண்ணனும் கூடவே இருந்தால் அம்மா அவர் முகத்தைப் பார்த்துப் பேசுவார். அதனால் முதல் சில நாள் நீங்கள் மட்டும் இருங்கள்.

இனி, உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன விஷயத்துக்கு வருகிறேன். கடற்படையில் 15 ஆண்டுகள். ஆலையில் 27 ஆண்டுகள். ஆலையைப் பற்றி நீங்கள் எதுவும் கேட்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. சீருடை இல்லாத வேலை என்பதால் அது சிறியதாகிவிடாது. அவர் வேலை பார்த்த காலம் முழுக்க 1923-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் சட்டம் நடைமுறையில் இருந்தது; 2025-ல்தான் அதற்குப் பதில் புதிய சட்டம் வந்தது. தகுதிச் சான்றிதழ் உள்ள அட்டெண்டரின் பொறுப்பில்தான் பாய்லர் ஓட வேண்டும், அவர் அதை விட்டு அகலக் கூடாது என்பது விதி. நீர்மட்டக் கண்ணாடியில் நீர் இறங்குவதைக் கவனிக்காவிட்டால் பாய்லர் வெடிக்கக்கூடும். தீபாவளிக்கும் உங்கள் பள்ளி விழாக்களுக்கும் அவர் வராமல் போன நாட்கள் இருந்திருந்தால், அதில் எத்தனை நாள் அடுத்த ஷிப்ட் ஆள் வராததால் என்று அவருடன் வேலை பார்த்தவர்களிடம் கேளுங்கள். அந்தத் தலைமுறைக்கு இப்போது வயது எழுபதை நெருங்கும். டீக்கடையிலோ கோயில் வாசலிலோ யாராவது கிடைப்பார்கள். ஷிப்ட் முடிந்து காட்டுக்குப் போய் உளுந்தும் சோளமும் பார்த்திருப்பார். மலரின் பக்கங்களைப் பிரிக்கும்போது கப்பலுக்குக் கொடுக்கும் இடத்துக்குக் குறையாமல் ஆலைக்கும் காட்டுக்கும் கொடுங்கள்.

நம் ஊரில் இறந்தவரைப் பற்றி எழுதும் மரபு பழையது. திருவண்ணாமலைப் பக்கம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. மகேந்திரவர்மனின் ஆட்சியில் கருந்தேவகத்தி என்பவன் தன் எருமைகளைக் காக்கும்போது இறந்தான் என்று அதில் பொறித்திருக்கிறார்கள். கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அவனுடைய நாயின் பெயர் கோவிவன் என்பதையும் சேர்த்து. பாராட்டு என்று ஒரு சொல் இல்லை. யார், யாருடைய ஆள், எங்கே, எதற்காக, உடன் நின்றது யார் என்பவை மட்டும். 1,400 ஆண்டுகள் கழித்தும் அவனை நமக்குத் தெரிகிறது. எழுதிய கையெழுத்துப் படியில் பெயரடைகளை அடிக்கும்போது நான் அந்தக் கல்லை நினைத்துக்கொள்வேன்.

கடைசியாக, நீங்கள் தயங்கித் தயங்கிக் கேட்ட கேள்வி. நர்சிங் விஷயத்தை எழுதலாம். எழுத வேண்டும் என்றே சொல்வேன். அத்தைகளின் கல்யாணத்தை முடித்துவைத்த அதே அதிகாரம்தான் உங்கள் படிப்பையும் நிறுத்தியது. ஒன்றைச் சொல்லி மற்றதை மறைத்தால் அந்த மனிதர் யார் என்பது பேரப்பிள்ளைகளுக்குப் புரியாது. இறந்தவரைக் குறை சொல்லலாமா என்று உறவினர் கேட்பார்கள். நடந்ததை நடந்தபடி, அவர் மேல் மரியாதை குறையாமல் சொல்வது குறை சொல்வதாகாது. ஆனால் குடும்பம் சேர்ந்து கையெழுத்திடும் வாழ்க்கைக் குறிப்பில் அதை வைக்காதீர்கள். பிள்ளைகள் மூவரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுங்கள். உங்கள் பக்கத்தில், உங்கள் பெயரில் அது வரட்டும். அண்ணன் தம் பக்கத்தில் தாம் கண்ட அப்பாவை எழுதிக்கொள்வார், அதை நீங்கள் திருத்த வேண்டாம்.

எழுதும் விதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த ஆண்டு எனக்கு இடம் கிடைத்தது, அப்பா அனுப்பவில்லை என்று ஒரு வாக்கியம். இந்த ஆண்டு என் மகளின் கட்டணத்தை அப்பா தம் ஓய்வூதியத்திலிருந்து கொடுத்தார் என்று அடுத்த வாக்கியம். இரண்டுக்கும் நடுவே 'மனம் மாறி', 'பிராயச்சித்தமாக' என்று எதையும் போடாதீர்கள். அவர் சொல்லாததை அவர் வாயில் நாம் வைக்கக் கூடாது. நீங்கள் மன்னித்துவிட்டதாகவும் எழுத வேண்டியதில்லை, உண்மையாகவே மன்னித்திருந்தால் தவிர. அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். அவர் அழக்கூடும், அன்று வீட்டில் என்ன நடந்தது, யார் என்ன பேசினார்கள் என்று உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லவும் கூடும். அப்படிச் சொன்னால் பக்கத்தைத் திருத்துங்கள். மகளிடமும் கேளுங்கள், கட்டணம் கொடுத்த அன்று தாத்தாவுடன் இருந்தவர் அவர்தானே.

கார்த்திகைக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. கூப்பன்களும் அம்மாவின் பதிவும் இருந்தாலே 64 பக்க மலருக்குப் போதுமான விஷயம் கிடைத்துவிடும். மும்பையிலிருந்து பதில் வர நாளாகலாம்; அதற்காகத் திதிப் பதிப்பை நிறுத்தி வைக்காதீர்கள். உறுதியாகாத தேதிகளின் இடத்தை வெறுமையாக விடுங்கள், ஊகத்தால் நிரப்ப வேண்டாம். பதிவு வந்ததும் ஒரு தனித்தாளில் அச்சிட்டு, மலர் வாங்கிய எல்லா வீடுகளுக்கும் தபாலில் அனுப்பிவிடுங்கள். முதல் பக்கத்தில் பெயருக்குக் கீழே அவருடைய பணி எண்ணையும் பதவியையும் போட மறக்காதீர்கள். ஆலை டோக்கன் எண் கிடைத்தால் அதையும் அதே அளவு எழுத்தில் பக்கத்திலேயே போடுங்கள்.